உணவுக்குழாயில் உலோக ஸ்டென்ட்: வைத்த பிறகு வரக்கூடிய சிக்கல்கள்

நான் வைத்தியன் இல்லை. ஊரில் வணிகப் பட்டம் எடுத்து, அகதியாக வந்த பிரித்தானியாவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவன். ஆனாலும் எங்கள் அத்தானுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோயால் வந்த அடைப்புக்கு உலோக ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இதுபற்றிக் கேட்டு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் கொஞ்சமல்ல. எல்லோருடைய கேள்வியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "வைச்சாப் பிறகு சாப்பிடலாம் எண்டினம். ஆனால் வேறை என்னவும் வருமோ?"

வரும். எல்லோருக்கும் எல்லாமும் வராது. பலருக்குப் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. ஆனால் வரக்கூடியவை என்னென்ன, எது பொறுத்துக்கொள்ளக்கூடியது, எதற்கு உடனே அம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தெரிந்திருக்கவில்லை. அதனால் பட்ட பாட்டிலிருந்தும், பிறகு தாதியரிடமும் வைத்தியர்களிடமும் கேட்டதிலிருந்தும், ஆய்வுகளைத் தேடி வாசித்ததிலிருந்தும் இதை எழுதுகிறேன். உங்கள் வைத்தியர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுக்க வேண்டாம்.

அடைப்பு எப்படி வருகிறது

உணவுக்குழாயை நாங்கள் பள்ளிக்கூடத்தில் களம் என்று படித்தோம். வளர்ந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளம். தொண்டையிலிருந்து தொடங்கி, மூச்சுக்குழாய்க்குப் பின்னாலும் இதயத்துக்குப் பின்னாலும் இறங்கி, உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு இரைப்பையில் சேர்கிறது. நெஞ்சுக்குள் அது தனியாக இல்லை. முன்னால் மூச்சுக்குழாய், பக்கத்தில் பெருநாடி. பின்னால் நான் சொல்லப்போகும் சிக்கல்களில் பாரதூரமானவை பெரும்பாலும் இந்த அயலவர்களால் வருபவை.

ஆரோக்கியமான குழாய் உணவு போகும்போது நன்றாக விரிந்து கொடுக்கும். உள்ளே கட்டி வளர்ந்து, விட்டம் ஏறத்தாழ 13 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் திட உணவு சிக்கத் தொடங்கும். முதலில் பாணும் இறைச்சியும், பிறகு சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் சொந்த உமிழ்நீரே இறங்காது. அத்தானுக்கும் இதே வரிசைதான். பாண் இறங்கவில்லை என்று சொன்னபோது, "வெள்ளைக்காரன்ரை பாண் அப்பிடித்தான், களி மாதிரி" என்று நாங்கள் சிரித்தோம். ஒரு மாதம் கழித்துச் சோற்றுக்கு ஒவ்வொரு பிடிக்கும் தண்ணீர் குடித்தார். அக்கா அதை வாய்வு என்று நினைத்து உள்ளி இரசம் வைத்துக் கொடுத்தா. திட உணவு சிக்குவது மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் அது வாய்வு இல்லை, எண்டோஸ்கோப்பி கேட்க வேண்டிய நேரம் என்று இப்போது எல்லோருக்கும் சொல்லுகிறேன்.

இந்தப் புற்றுநோயில் பிரதானமாக இரண்டு வகை உண்டு. கீழ்ப்பகுதியில் வருவது பெரும்பாலும் நீண்டகால அமில எதுக்களிப்போடும் உடற்பருமனோடும் தொடர்புள்ளது. மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வருவது புகையிலை, மது, வெற்றிலை பாக்கு ஆகியவற்றோடு தொடர்புள்ளது. மிகச் சூடான, 65 பாகைக்கு மேற்பட்ட பானங்களையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற வகைக்குள் சேர்த்தது. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் குடிப்பதைக் கெட்டித்தனமாக நினைக்கும் எங்கள் ஆட்கள் இதைக் கவனிக்கலாம்.

ஸ்டென்ட் என்றால் என்ன

வலை போலப் பின்னிய உலோகக் குழாய். பெரும்பாலும் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினோல் என்னும் கலப்புலோகத்தால் செய்யப்படுகிறது. இந்த உலோகத்துக்குத் தன் பழைய வடிவம் ஞாபகம் இருக்கும். ஒடுக்கிச் சுருட்டி மெல்லிய குழலுக்குள் அடைத்து, எண்டோஸ்கோப்பி மூலமாகவோ எக்ஸ்ரே பார்த்துக்கொண்டோ அடைப்புக்குள் கொண்டுபோய் விட்டால், தானாக விரிந்து கட்டியை வெளிப்பக்கமாகத் தள்ளி வழி திறக்கும். முழுதாக விரிய ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுக்கும். விரிந்தபின் நடுப்பகுதி பொதுவாக 18 முதல் 23 மில்லிமீற்றர் விட்டம் இருக்கும். நழுவாதிருக்க இரு முனையும் புனல் போல அகன்றிருக்கும். கட்டியின் நீளத்தைவிட மேலும் கீழும் இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கும்படி நீளத்தைத் தெரிவு செய்வார்கள்.

ஸ்டென்ட் என்ற சொல் 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த சார்ள்ஸ் ஸ்டென்ட் என்ற பல் வைத்தியரின் பெயரிலிருந்து வந்தது. அவர் செய்தது பல் அச்செடுக்கும் ஒரு பசை. உணவுக்குழாய்க்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

முன்பு விறைப்பான பிளாஸ்ரிக் குழாய் வைத்தார்கள். அதை உள்ளே தள்ளுவதற்கு அடைப்பைப் பலவந்தமாக அகட்ட வேண்டும். குழாய் கிழிவது அதிகம். 1993இல் வெளியான ஓர் ஆய்வில் 42 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, விழுங்குவது இரண்டிலும் ஒரே அளவு சுகமானது, ஆனால் உலோகக் குழாய் வைத்தவர்களுக்குச் சிக்கல் வெகு குறைவு. அதற்குப் பிறகு உலகெங்கும் உலோகத்துக்கு மாறினார்கள். ஆகவே, இனி நான் எழுதுவதை வாசித்துவிட்டு "வேண்டாம்" என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். இரண்டு மாதமாகக் கஞ்சித் தண்ணியில் இருந்த மனிதன் ஒரு கிழமையில் இடியப்பம் சாப்பிட்டதை நான் கண்ணால் கண்டவன்.

உறையிட்டது, உறையில்லாதது

இந்த ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி விளங்கிவிடும். உறையில்லாத வெறும் வலை, குழாய்ச் சுவருக்குள் பதிந்து நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வலைக் கண்களுக்கூடாகக் கட்டி உள்ளே வளர்ந்து திரும்ப அடைக்கும். முழுதாகச் சிலிக்கோன் போன்ற உறை போட்டதற்குள் கட்டி புகாது. ஆனால் வழுக்கும் தன்மை உள்ளதால் நழுவி இறங்கும். நடுவில் மட்டும் உறை, முனைகள் வெறும் வலை என்ற பகுதி உறை ஸ்டென்ட் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் வழிகாட்டல், குணமாக்க முடியாத புற்றுநோய் அடைப்புக்குப் பகுதி உறை அல்லது முழு உறை இட்டதையே வைக்கும்படி சொல்கிறது. எது வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிறகு வேறு வைத்தியசாலைக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

முதல் நாட்களில் வருபவை

மிகப் பொதுவானது நெஞ்சு நோ. ஸ்டென்ட் விரிய விரியக் கட்டியையும் குழாயையும் தள்ளுகிறதல்லவா, அந்த அமுக்கம். சில நாட்கள் இருக்கும், சிலருக்கு இரண்டு கிழமை வரை போகும். சாதாரண பரசிற்றமோல் போதாமல் மோர்பின் திரவம் கொடுக்க வேண்டியும் வரலாம். இது எதிர்பார்க்கப்பட்ட நோ. பொறுத்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை, மருந்து கேட்க வேண்டும்.

அத்தானுக்கு வீட்டுக்கு வந்த இரவு இந்த நோ வந்தது. வேர்த்துக் கொட்டியது. அக்கா மாரடைப்பு என்று நினைத்து அம்புலன்ஸ் கூப்பிட்டா. வைத்தியசாலையில் இதயம் சரி, ஸ்கானும் சரி. அத்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, போட்டது சரிவரேல்லையோ? மறைக்காமல் சொல்லும்." அவருக்கு நோ வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. உண்மையில் வைத்தியர் சொல்லியிருக்கிறார், படிவத்திலும் எழுதியிருந்தது. மொழிபெயர்க்க நின்றவன் அத்தானின் கடைசி மகன், பதினேழு வயது. வைத்தியர் ஐந்து நிமிடம் சொன்னதை அவன் ஒரு வசனத்தில் முடித்திருக்கிறான்: "சின்னச் சின்னப் பிரச்சினை வரலாமாம் அப்பா, பயப்பிடத் தேவையில்லையாம்." அவனில் பிழை இல்லை. குழாய் கிழியலாம், இரத்தம் போகலாம், இது நோயைக் குணமாக்காது என்பதையெல்லாம் தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு பதினேழு வயதுப் பிள்ளையால் முடியுமா? அதோடு, புற்றுநோய் என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது என்று அக்கா அவனிடம் முதலே சத்தியம் வாங்கியிருந்தா.

பிரித்தானியாவில் அரச வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். சந்திப்புக் கடிதம் வந்தவுடன் தொலைபேசி எடுத்துத் தமிழ் என்று சொன்னால் ஒழுங்கு செய்வார்கள். ஆள் இல்லாவிட்டால் தொலைபேசியிலாவது தருவார்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்களும் முதல் வேலையாக இதை விசாரியுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் பிள்ளைகளாக இருக்கட்டும்.

அடுத்தது, அரிதானாலும் பாரதூரமானது: குழாயில் கிழிவு. நூறு பேரில் ஒரு சிலருக்கு ஸ்டென்ட் வைக்கும்போதோ அதையொட்டிய நாட்களிலோ நடக்கலாம். அடையாளம்: மருந்துக்கு அடங்காத, முதுகுக்குப் போகும் கடும் நோ, காய்ச்சல், இளைப்பு. கழுத்துத் தோலைத் தொட்டால் உள்ளே காற்று இருப்பது போல நெறுநெறு என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அம்புலன்ஸ்தான். கட்டி மேற்பகுதியில் இருந்தால் இன்னொன்று: விரியும் ஸ்டென்ட் முன்னால் உள்ள மூச்சுக்குழாயை அமுக்கி மூச்சுத் திணறச் செய்யலாம். இதை எதிர்பார்க்கும் இடத்தில் வைத்தியர்கள் மூச்சுக்குழாயையும் முதலில் ஸ்கானில் பார்ப்பார்கள். தொண்டைக்கு மிகக் கிட்ட வைத்தால் எப்போதும் ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்வும் இருக்கும்.

கிழமைகள், மாதங்கள் கழித்து வருபவை

ஸ்டென்ட் வைத்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் திரும்ப விழுங்கக் கஷ்டம் வருகிறது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: உணவு சிக்கியிருக்கும், ஸ்டென்ட் நழுவியிருக்கும், அல்லது கட்டி வளர்ந்திருக்கும்.

உணவு சிக்குவதைத்தான் நாங்களே தடுக்கலாம். உணவுக்குழாய் வெறும் குழாய் அல்ல. அலை அலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ளும் தசை. ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் அந்தத் தள்ளுதல் இல்லை. உணவு பாரத்தினாலும் தண்ணீராலும் மட்டுமே வழுகி இறங்க வேண்டும். சலாகைக்குள் போட்ட வலைக் குழாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நார் எதுவும் மாட்டும், மாட்டியதில் மற்றது சேரும். அத்தானுக்கு ஐந்தாம் கிழமை, பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் ஒரு துண்டு ஆட்டிறைச்சி சிக்கியது. ஒரே ஒரு துண்டு. "இப்ப சுகம்தானே, சாப்பிடுங்கோ" என்று தட்டில் வைத்தவர்கள் நாங்கள்தான். உமிழ்நீரும் இறங்காமல் இரவு முழுதும் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தார். காலையில் எண்டோஸ்கோப்பியில் எடுத்தார்கள்.

நழுவுவது இரண்டாவது. உறையிட்ட ஸ்டென்டுகளிலும், உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வைத்தவற்றிலும் இது கூட. அங்கே கீழ்முனை பிடிக்க ஒன்றுமில்லாமல் இரைப்பைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். கீமோ வேலை செய்து கட்டி சுருங்கினாலும் நழுவும். இறுக்கிப் பிடித்திருந்ததே அந்தக் கட்டிதானே. அத்தானுக்கு நடந்தது இதுதான். மூன்றாம் கீமோவுக்குப் பிறகு திடீரென்று நெஞ்செரிவு கூடியது, பிறகு சாப்பாடு சிக்கியது. எக்ஸ்ரேயில் பார்த்தால் ஸ்டென்ட் இரைப்பைக்குள் கிடக்கிறது. நாங்கள் தலையில் கைவைத்துக்கொண்டிருக்க, வைத்தியர் "கீமோ வேலை செய்திருக்கிறது" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஒரே செய்தியின் இரண்டு பக்கம். இரைப்பைக்குள் விழுந்ததைச் சிலருக்கு எண்டோஸ்கோப்பியில் எடுப்பார்கள். சிலருக்கு எடுப்பதன் ஆபத்துக் கூட என்று அப்படியே விடுவார்கள். அரிதாக அது குடலுக்குள் இறங்கி அடைப்பை அல்லது துளையை உண்டாக்கும். அதனால் விட்டாலும் வயிற்று நோ, வயிறு ஊதுதல், சத்தி இருந்தால் உடனே சொல்ல வேண்டும். அத்தானுக்கு எடுத்துவிட்டு, பகுதி உறை போட்ட இன்னொன்றை வைத்தார்கள்.

மூன்றாவது, கட்டி வளர்வது. வெறும் வலைக்கூடாக உள்ளே வரும், அல்லது ஸ்டென்டின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் அப்பால் வளர்ந்து வாயை மூடும். சில வேளை அது புற்றுநோய் அல்ல, உலோகம் உரசுவதால் தடித்த சாதாரண தசை. பெரும்பாலும் முதலாவதற்குள் இன்னொரு ஸ்டென்ட் வைத்துச் சரிக்கட்டலாம். "திரும்ப அடைச்சிட்டுது, இனி ஒண்டும் செய்யேலாது" என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை.

எதுக்களிப்பு பலருக்குப் பெரிய தொல்லை. இரைப்பை வாசலில் ஒரு தசை வளையம் உண்டு. அமிலம் மேலே வராமல் பூட்டி வைப்பது அது. ஸ்டென்ட் அதைக் கடந்து போனால் கதவு எப்போதும் திறந்தபடி. படுத்தால் அமிலமும் உணவும் தொண்டை வரை வந்து, நித்திரையில் புரைக்கேறி நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடலாம். ஒமிப்பிரசோல், லான்சொப்பிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்து தொடர்ந்து எடுக்க வேண்டிவரும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். தலையணை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அமுங்கும். கட்டில் காலுக்குக் கீழே கட்டை வைப்பது நல்லது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்தே படுக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்குச் சோறு சாப்பிட்டுப் பத்துக்குப் படுக்கும் எங்கள் வழக்கத்தை மாற்றுவதுதான் கடினம். எதிர்த்திசையில் வருவதைத் தடுக்கும் வால்வு வைத்த ஸ்டென்டுகளும் உண்டு. ஆய்வுகளில் அவை எல்லா இடத்திலும் பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை.

இனி, பலரும் கேட்கப் பயப்படும் இரண்டு. ஒன்று இரத்தப்போக்கு. கட்டியே கசியலாம், உலோக முனை சுவரை அரிக்கலாம், மிக அரிதாகப் பக்கத்துப் பெருநாடி வரை போகலாம். அது கடைசிச் சம்பவமாகவும் இருக்கலாம் என்பதை மறைப்பதில் பயனில்லை. மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும் உடனே அறிவிக்க வேண்டும். வாபரின், குளோப்பிடோகிறல், அஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் குளிசைகள் எடுப்பவர்கள் அதை ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் இதய நோய்க்காக அவற்றை எடுப்பவர்கள் பலர். மற்றது, உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையில் துளை விழுவது. தண்ணீர் குடித்தவுடன் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால் அது இதுவாக இருக்கலாம். விசித்திரம் என்னவென்றால், அப்படிப்பட்ட துளையை மூடுவதற்கும் உறையிட்ட ஸ்டென்ட்தான் வைக்கிறார்கள்.

ஸ்டென்டும் கதிர்வீச்சும்

இதை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நெதர்லாந்தில் 209 நோயாளிகளில் பாதிப்பேருக்கு ஸ்டென்டும் மற்றவர்களுக்கு உணவுக்குழாய்க்குள்ளேயே ஒரு தடவை கொடுக்கும் உட்கதிர்வீச்சும் கொடுத்து ஒப்பிட்டு, 2004இல் வெளியிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் விரைவில் சாப்பிட்டார்கள். ஆனால் மாதங்கள் போகப்போக உட்கதிர்வீச்சு எடுத்தவர்களே கூடுதல் நாள் நன்றாக விழுங்கினார்கள். சிக்கல்கள் ஸ்டென்ட் பக்கம் 33 வீதம், மற்றப் பக்கம் 21 வீதம். பிந்திய இரத்தப்போக்கிலும் ஸ்டென்ட் பக்கமே கூட. கணக்காளன் என்றபடியால் இந்த எண்களைப் பார்த்தவுடன் ஒரு பக்கம் சாயத் தோன்றியது. ஆனால் இன்னும் சில கிழமைகளே உள்ளவருக்கு, நாளைக்கே தண்ணீர் இறங்குவதுதான் பெறுமதி. ஆறு மாதம், அதற்கு மேல் எதிர்பார்ப்பவருக்குக் கணக்கு வேறு. ஐரோப்பிய வழிகாட்டலும் நீண்ட காலம் எதிர்பார்ப்பவர்களுக்கு உட்கதிர்வீச்சை மாற்றாகச் சொல்கிறது. எல்லா வைத்தியசாலையிலும் அந்த வசதி இல்லை. இருந்தாலும் "எங்களுக்கு இது பொருந்துமா?" என்று கேட்பதற்குக் காசு இல்லை.

ஸ்டென்ட் வைத்த பின் வெளியிலிருந்து கதிர்வீச்சும் கொடுத்தால் கூட நாள் சாப்பிடலாமா என்று பிரித்தானியாவில் 220 பேரிடம் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். விழுங்குவதில் வித்தியாசம் இல்லை; இரத்தப்போக்கு ஓரளவு பிந்தியது. ஆகவே எல்லோருக்கும் வழமையாக அது தேவையில்லை என்பது முடிவு. இன்னொன்று: சத்திரசிகிச்சை செய்து குணமாக்கக்கூடிய நிலையில் உள்ளவர்களுக்கு, காத்திருக்கும் காலத்துக்காக உலோக ஸ்டென்ட் வைப்பதை அதே வழிகாட்டல் பரிந்துரைக்கவில்லை. அப்படியானவர்களுக்கு உணவுக்கு வேறு வழி, உதாரணமாக மூக்கு வழியாகவோ வயிற்றில் நேரடியாகவோ குழாய் வைப்பார்கள். "அவருக்கு வைச்சவை, எங்களுக்கு ஏன் வைக்கினமில்லை?" என்று சண்டை பிடித்த ஒரு குடும்பத்துக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. வைக்கவில்லை என்பது அவர்கள் விஷயத்தில் நல்ல செய்தி.

எங்கள் சமையலும் ஸ்டென்டும்

வைத்தியசாலை தரும் உணவுக் கையேட்டில் உருளைக்கிழங்கு மசியல், கஸ்ரட் என்றுதான் இருக்கும். எங்கள் சாப்பாட்டை அந்த விதிகளோடு பொருத்திப் பார்த்துத் தாதியிடம் காட்டி நாங்கள் பாவித்த பட்டியலைச் சொல்கிறேன். முதல் நாள் தண்ணீர், மோர், வடித்த சூப். பிறகு அரைத்தது, அதன்பின் மென்மையானது. எந்த நாள் எது என்பதை அவர்கள் சொல்வார்கள். இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவிட்டுப் பிசைந்து கொடுக்கலாம். குழையச் சமைத்த சோறும் பருப்பும், நெய் விட்டு. மரக்கறிகளில் பூசணி, கத்தரி, உருளைக்கிழங்கு மசித்து. முட்டையை அவித்து உருண்டையாகக் கொடுக்காமல் குழம்பாகவோ கலக்கிப் பொரித்தோ. மீனில் முள்ளில்லாத துண்டை எடுத்து உதிர்த்துக் குழம்பில். தயிர், றவைக் கஞ்சி, பழுத்த வாழைப்பழம்.

முருங்கைக்காய் வேண்டவே வேண்டாம். சதையை வழித்துக் கொடுத்தாலும் நார் வரும். கீரையை அரைத்தால் மட்டும். பிட்டு, உதிரியாக இறங்கும்போது ஒட்டி அடைக்கும். விடமுடியாவிட்டால் பாலில் கரைத்துக் கூழாக்கி. பாண், ரொட்டி, ஆட்டிறைச்சித் துண்டு, கணவாய், கச்சான், அன்னாசி, தோடம்பழச் சுளை எல்லாம் தவிர்க்க வேண்டியவை. ஒடியல் கூழ் கேட்டார் அத்தான். வடிகட்டி நண்டும் முள்ளும் இல்லாமல் கொடுத்தோம். "இது கூழில்லை, கூழ் கழுவின தண்ணி" என்றார், ஆனால் குடித்தார்.

நிமிர்ந்து இருந்து, சிறு வாய்களாக, நன்றாக மென்று, இடையிடையே இளஞ்சூட்டுத் தண்ணீர். சாப்பிட்டு முடிய ஸ்டென்டைக் கழுவுவதுபோல இன்னும் கொஞ்சம். சோடாத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் வைத்தியசாலைகளும் உண்டு, இனிப்பில்லாததாக எடுங்கள். குளிசைகளை நசுக்குவதற்கு முன் மருந்தாளரைக் கேளுங்கள், மெதுவாகக் கரையும் வகைகளை நசுக்கக்கூடாது. பலவற்றுக்குத் திரவ வடிவம் இருக்கிறது. சலரோகம் உள்ளவர்கள் சாப்பாடு குறைந்திருக்கும் காலத்தில் பழைய அளவில் இன்சுலின் போட்டால் சீனி அபாயமாக இறங்கும். இது அத்தானுக்கு ஒருமுறை நடந்தது.

நோயாளியைப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாப்பாடு கட்டிக்கொண்டு வராதீர்கள். வெறுங்கையோடு வந்து கதைத்துவிட்டுப் போங்கள்.

எப்போது அம்புலன்ஸ்

இரத்தமாகச் சத்தி, மருந்துக்கு அடங்காத நெஞ்சு அல்லது முதுகு நோவோடு காய்ச்சல், மூச்சுத் திணறல், இவற்றுக்குப் பிரித்தானியாவில் 999, மற்ற இடங்களில் அந்தந்த அவசர இலக்கம். உணவு சிக்கினால் முதலில் பதற வேண்டாம்; எழுந்து நடந்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். சொந்த உமிழ்நீரே இறங்காவிட்டால் மேலும் குடிக்கக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விரலை விட்டுச் சத்தி எடுக்க வைப்பது, சோற்றுருண்டை விழுங்கித் தள்ளப் பார்ப்பது இரண்டும் ஆபத்து. ஒவ்வொரு நோயாளிக்கும் பொறுப்பான ஒரு சிறப்புத் தாதி இருப்பார். அவருடைய நேரடி இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். ஸ்டென்ட் விபர அட்டையைக் காசுப்பையில் வைத்திருங்கள். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் அதைக் காட்ட வேண்டும்.

என் தொழிலோடு சேர்ந்த ஒன்று. பிரித்தானியாவில் நோயாளி 12 மாதத்துக்கு மேல் வாழ்வது சந்தேகம் என்று வைத்தியர் கருதினால், எஸ்ஆர்1 என்ற படிவத்தை நிரப்பித் தருவார். அதைக் கொண்டு பராமரிப்புக் கொடுப்பனவுகளுக்கு விசேட விதிகளின் கீழ் விண்ணப்பித்தால் நீண்ட விசாரணையும் காத்திருப்பும் இல்லை. முன்பு ஆறு மாதமாக இருந்தது. 2023 ஏப்ரலோடு முதியோர் பராமரிப்புக் கொடுப்பனவுக்கும் 12 ஆகியது. அந்தப் படிவத்தைக் கேட்பது சாவைக் கூப்பிடுவது என்று அக்கா நினைத்தா. நான்கு மாதக் கொடுப்பனவு அதனால் போனது.

இரண்டாவது ஸ்டென்டோடு அத்தான் ஏழு மாதம் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் வந்த நாளில்தான் தன் நோயின் பெயர் அவருக்குத் தெரியவந்தது. அக்கா என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அத்தான் அழவில்லை, ஊரிலுள்ள காணியை யார் பெயருக்கு எழுதுவது என்று அன்றிரவே கதைக்கத் தொடங்கினார். அவர் போனபிறகு மரணச் சடங்கு நடத்துபவர் உடம்புக்குள் ஏதாவது கருவி இருக்கிறதா என்று கேட்டார். இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் மின்கலத்தோடு இருப்பதால் தகனத்துக்கு முன் கட்டாயம் எடுக்க வேண்டும். உணவுக்குழாய் ஸ்டென்டை எடுக்கத் தேவையில்லை, படிவத்தில் சொன்னால் போதும். இதையும் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார், நேராகக் கேட்க வெட்கப்பட்டுக் குறுஞ்செய்தியில்.